முகூர்த்தத்துக்கு முந்தின இரவு காரை எடுக்காதீர்கள்

முகூர்த்தம் காலை 7.30 மணிக்கு. இடம் திருநெல்வேலி. நாங்கள் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். இடையில் இருப்பது 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். எப்போது புறப்படலாம் என்று பேச உட்கார்ந்தால், எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான் வரும். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினால் விடியும்போது மண்டபத்தில் இருக்கலாம். வெயில் இல்லை, சாலையில் கூட்டம் இல்லை, ஒரு நாள் லீவும் மிச்சம்.

இந்த மூன்று காரணங்களும் உண்மைதான். ஆனால் முடிவு தவறு. அது தவறு என்பதை நான் திருச்சி-மதுரை சாலையில், கொட்டாம்பட்டிக்கு அப்பால் தெரிந்துகொண்டேன்.

முன்பு ஒருமுறை இதே வழியில் போன அன்றும் பத்து மணிக்குத்தான் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அக்காள் மகன் முன் இருக்கையில் இருந்தான். திருச்சியைத் தாண்டியதும், "மாமா, தூக்கம் வருகிறதா?" என்று கேட்டான். "இல்லைடா" என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. சற்று நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். மூன்று மணி வாக்கில் கொட்டாம்பட்டிப் பெயர்ப்பலகையைப் பார்த்தது நினைவில் இருக்கிறது. அதற்கடுத்து நினைவில் இருப்பது, இடப்பக்கச் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சரளையில் ஏறிய சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை. பின் இருக்கையில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கவே வெகு நேரம் ஆயிற்று.

தூக்கம் வரவில்லை என்று சொன்ன ஒருவன் எப்படித் தூங்கிப்போனான்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் தூக்கத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் ஒரு மாதிரியை முன்வைத்தார். இன்றும் தூக்க ஆய்வின் அடித்தளமாக இருப்பது அதுதான். முதல் விசை கடன் போன்றது. கண் விழித்த நொடியிலிருந்து அது ஏறிக்கொண்டே போகும், தூங்கினால்தான் இறங்கும். மூளையின் நரம்பணுக்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது அதற்குரிய ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ள, விழிப்பைக் காக்கும் பகுதிகளின் வேலை மெல்லத் தணிகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணிக்குள் பதினாறு மணி நேரக் கடன் சேர்ந்துவிடும்.

இரண்டாவது விசை உயிர்க்கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. நாம் தூங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் அது ஓடிக்கொண்டே இருக்கும். உயிரணுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு விசைகளும் சேரும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மாலையிலிருந்து இரவு ஒன்பது, பத்து மணி வரை தூக்கக் கடன் கனமாக இருந்தாலும், உயிர்க்கடிகாரம் முழு பலத்தோடு விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் படுத்தால்கூட எளிதில் தூக்கம் வராது. "எனக்குத் தூக்கமே வரவில்லை, நான் ஓட்டுகிறேன்" என்று பத்து மணிக்கு ஒருவர் சொன்னால், அந்த நிமிடத்துக்கு அது உண்மை. நள்ளிரவுக்குப் பிறகு கடிகாரம் அந்தத் தாங்கலை எடுத்துவிடுகிறது. உள்ளுடல் வெப்பம் இறங்கி, விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் நாளிலேயே மிகக் குறைந்த அளவைத் தொடுகிறது. கடன் உச்சத்தில், தாங்கல் பள்ளத்தில். தூங்கி வழிவதால் நடக்கும் சாலை விபத்துகள் இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் குவிவதற்குக் காரணம் இதுதான். சாலை வெறிச்சோடிக் கிடப்பதும் நேராக இருப்பதும் அப்போது உதவி அல்ல. மூளைக்குச் செய்ய வேலையில்லாமல் போகிறது. வண்டியின் மெல்லிய ஆட்டமோ தூளி ஆட்டுவது போல இருக்கிறது.

1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்து ஒருமுறையும், மது கொடுத்து ஒருமுறையும், கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலை ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்து, நாள் முழுதும் கல்யாண வேலை பார்த்து, இரவு பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்குப் பண்ருட்டியைத் தாண்டும் நேரத்திலேயே 17 மணி நேரம் நிறைந்துவிடுகிறது.

அந்த நிலையில் வருவது முழுத் தூக்கம் அல்ல, நுண்ணுறக்கம். சில நொடிகள் மூளை வெளியுலகத்தை விட்டு விலகிவிடும். கண் திறந்திருந்தாலும் பார்ப்பது உள்ளே போய்ச் சேராது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி விலகினால் நூறு மீட்டர். பள்ளி மைதானத்தில் ஓடுவோமே, அந்த நூறு மீட்டர் தூரத்தை வண்டி ஓட்டுநரே இல்லாமல் கடக்கிறது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொரு ஆய்வு. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன், டிங்கஸ் ஆகியோரின் குழு, ஆட்களை இரண்டு வாரங்கள் ஒவ்வொரு இரவும் ஆறு மணி நேரம் அல்லது நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டது. அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், ஓரிரு இரவுகள் முற்றிலும் தூங்காதவரின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு, நிலைமை மோசமாவதாக அவர்கள் பெரிதாக உணரவே இல்லை. தூக்கமின்மை முதலில் கெடுப்பதே தூக்கத்தை அளக்கும் அளவுகோலைத்தான். நான் அக்காள் மகனிடம் "இல்லைடா" என்று சொன்னதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

ஆகவே, தூக்கம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது திட்டமே அல்ல. எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் வீட்டில், தெளிவாக இருக்கும்போது, தாளில் எழுதிவிட வேண்டும். வழியில் அதை மாற்றும் உரிமை ஓட்டுபவருக்குக் கிடையாது. ஒரு நிறுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது அந்தத் தாள் என் மனைவியிடம் இருக்கும்.

வழியில் நாம் நம்பும் வைத்தியங்களில் பெரும்பாலானவை பயன்படுவதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் ஆகிய இருவரும் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை கார் ஓட்டுவது போன்ற பாவனைக் கருவியில் உட்கார வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முகத்தில் குளிர்காற்று படுவதும் வானொலி கேட்பதும் சிறிது நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. தாங்கியவை இரண்டு: காபி, குறுந்தூக்கம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அதற்குக் காரணமும் அழகானது. காபியிலுள்ள கஃபீன், அடினோசின் போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடன் தீர்வதில்லை, கடன்காரர் கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்காமல் போகிறது. குடித்த கஃபீன் மூளையில் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நிழலில் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, பதினைந்து நிமிடம் ஒரு கோழித் தூக்கம் போட்டால், தூக்கத்தால் அடினோசின் கொஞ்சம் குறைந்திருக்கும், எழும்போது கஃபீனும் வந்து சேர்ந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடலாம். அதிலிருந்து எழுந்தால் சிறிது நேரம் தலை மந்தமாகவே இருக்கும், அந்த மந்தத்தோடு ஓட்டக் கூடாது.

காருக்குள் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசியில் உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து பேர் மணிக்கணக்கில் போனால், வெளியே பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும் கரியமில வாயு உள்ளே ஆயிரங்களில் ஏறும். அது தலைப்பாரத்தையும் மந்தத்தையும் தரும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

தூக்கம் ஒருபுறம் இருக்க, கவனத்தின் களைப்பு வேறு. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் அது வரும். 1948-இல் நார்மன் மேக்வொர்த் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போன்ற ஒன்று எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். நெடுஞ்சாலையும் அப்படித்தான், நெடுநேரம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று ஒரு மாடு. இந்தக் களைப்புக்குத் தூக்கம் தேவையில்லை, இறங்கி நடந்தாலே போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் என்ற வழக்கம் இதற்குத்தான். கெண்டைக்காலுக்கும் அது நல்லது. நடக்கும்போது கெண்டைத் தசைதான் காலின் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது.

"இத்தனை முறை நிறுத்தினால் எப்போது போய்ச் சேர்வது?" என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்த்தோம். 100 கிலோமீட்டரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க இரண்டரை மணி நேரம். 60-க்கு ஏற்றினால் 50 நிமிடம் மிச்சம். 60-லிருந்து 80-க்கு ஏற்றினால் 25 நிமிடம். 80-லிருந்து 100-க்கு 15 நிமிடம். 100-லிருந்து 120-க்குப் போனால் வெறும் 10 நிமிடம். வேகம் கூடக்கூட அதனால் கிடைக்கும் மிச்சம் சுருங்குகிறது, பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு நான்குவழிச் சாலையில் 400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80-க்குப் பதில் 90-இல் போவதால் கிடைப்பது 33 நிமிடம். இரண்டு ஓய்வு நிறுத்தங்களின் நேரம் அவ்வளவுதான். உண்மையில் நேரம் போவது கடலூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எந்த வேகமும் உதவாது. இருட்டில் அந்தப் பாரத்துக்குப் பின்விளக்கும் இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பகலில் போக அதுவும் ஒரு காரணம்.

போகும்போது எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கையை நாம் திரும்பும்போது எடுத்துக்கொள்வதில்லை. உயிர்க்கடிகாரத்தில் இன்னொரு சிறு பள்ளம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை இருக்கிறது. சாப்பிடாமல் இருந்தால்கூட அது வரும். பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டிருந்தால் இன்னும் அழுத்தமாக வரும். முந்தின இரவு மண்டபத்தில் சரியாகத் தூங்காமல், காலை நான்கு மணிக்கு எழுந்து, முகூர்த்தம் பார்த்து, விருந்து சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் காரை எடுப்பவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார்.

ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறோம். அவர் முந்தின இரவு எங்கே ஓட்டிவிட்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு மண்டபத்தில் ஏசி அறை, அவருக்கு வண்டிக்குள் கொசுக்கடி. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம் கட்டாயம். கல்யாண வீட்டுக் காருக்குள் எந்த அதிகாரியும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. டிரைவருக்கு ஒரு பாயும் மின்விசிறியும் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது.

அக்காள் மகனுக்கு இப்போது கல்யாணம், பெண் வீடு திருநெல்வேலி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். அதற்கு முந்தின இரண்டு இரவுகளும் ஓட்டுபவருக்கு ஒன்பதரை மணிக்குப் படுக்கை, வீட்டு வேலை எதுவும் கிடையாது. 7.45-க்கு உளுந்தூர்பேட்டையில் இட்லி, முக்கால் மணி நேரம். பத்தேகாலுக்குத் திருச்சிக்கு வெளியே கால் மணி நேர நடை. பன்னிரண்டரைக்கு மதுரைப் புறவழியில் அளவான சாப்பாடு, ஒரு காபி, பதினைந்து நிமிடத் தூக்கம், அந்தப் பதினைந்து நிமிடமும் குழந்தைகள் வெளியே. கோவில்பட்டியில் இன்னொரு கால் மணி நேரம். நான்கு மணி வாக்கில் திருநெல்வேலி. தாளை மடித்து மனைவி கைப்பையில் வைத்துவிட்டாள்.