லண்டன்–நியூயார்க்: தொலைவு ஒன்று, நேரம் இரண்டு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குப் பயண அட்டவணை ஏறத்தாழ எட்டு மணி நேரம் என்கிறது. திரும்பும் பயணத்துக்கு ஏழு மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. தொலைவோ இரு திசையிலும் சுமார் 5,540 கிலோமீட்டர்தான்.

இந்தத் தொலைவைத் தட்டையான வரைபடத்தில் அளக்க முடியாது. உலக உருண்டை ஒன்றில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால், நியூயார்க் லண்டனுக்குப் பதினொரு பாகை தெற்கே இருந்தும், நூல் முதலில் வடமேற்காக ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நியூஃபவுண்ட்லாந்தின் வழியாகக் கீழிறங்குவது தெரியும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியான இதைப் பெருவட்டப் பாதை என்பர்.

நேரம் மாறுவதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையானால், மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகர்ந்து வருவதால் அந்தப் பயணமே விரைவில் முடிய வேண்டும். நடப்பது அதற்கு நேர்மாறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றில்தான் பறக்கிறது என்பதால், ஆற்று நீரோட்டம் படகைக் கொண்டுசெல்வது போல, காற்றின் ஓட்டம் விமானத்தையும் கொண்டுசெல்கிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் துருவத்தை நோக்கி நகரும் உயரக் காற்று, பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வீசும் இந்த ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில் மிகவும் வலுவடைகிறது.

காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் 6 மணி 9 நிமிடம் ஆகும். பின்னிருந்து காற்று தள்ளினால் 5 மணி 32 நிமிடம். எதிர்த்து வீசினால் 6 மணி 55 நிமிடம். மிச்சம் 37 நிமிடம், இழப்பு 46 நிமிடம்! எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் சிக்கியிருப்பதால், போய்வரும் பயணத்தில் காற்று ஒருபோதும் கணக்கைச் சரிசெய்வதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் தரையிறங்கக் காத்திருப்பதும் சேரும்போது அட்டவணை நேரம் இன்னும் நீள்கிறது.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் தாண்டியது. அந்த உயரத்தில் ஒலியின் வேகமே சுமார் 1,060தான். ஆயினும் அது ஒலியை மிஞ்சவில்லை, ஏனெனில் தன்னைச் சுற்றியிருந்த காற்றை வைத்து அளந்தால் அது வழக்கமான வேகத்திலேயே பறந்துகொண்டிருந்தது.

இதனால்தான் வட அட்லாண்டிக் வான்தடங்கள் அன்றைய காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன: கிழக்கே வரும் விமானங்களுக்கு ஜெட் ஸ்ட்ரீமோடு ஒட்டியும், மேற்கே செல்பவற்றுக்கு அதை விட்டு விலகியும். நூல் காட்டிய கோட்டைவிடச் சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போகும் விமானமும் பல நாட்களில் முன்னதாகவே இறங்கிவிடுகிறது.