ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைப்பதற்கு முன்

ஆயுத பூஜை முடிந்த கையோடு எங்கள் சர்வீஸ் கடையில் கூட்டம் கூடிவிடும். திரையில் கோடு விழுகிறது, கீபோர்டில் பாதி எழுத்து அடிக்கவில்லை, சிஸ்டம் ஆன் ஆகவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமே பண்ணலைங்க, பூஜைக்குத் துடைச்சோம், அவ்வளவுதான்." வெளியே படிந்த தூசியால் கெட்டுப்போய் வருபவற்றைவிட, அந்தத் தூசியைப் போக்கத் தெளித்த தண்ணீரால் கெட்டு வருபவைதான் என் மேசையில் அதிகம்.

துணியை நனைப்பதற்கு முன் கரண்ட் விஷயம். ஷட்டவுன் செய்தாலும் சப்ளையில் மின்சாரம் இருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும். சில மவுஸ்களின் அடியில் விளக்கு அணையாமல் எரிவது அதனால்தான். சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் யூ.பி.எஸ்ஸை மறந்துவிடுகிறார்கள். சுவரில் கரண்ட் போனாலும் அது பேட்டரியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், அதன் பின்னால் உள்ள சாக்கெட்டில் 230 வோல்ட் இருக்கும். யூ.பி.எஸ்ஸை அதன் பட்டனில் அணைத்து, வயர்களைக் கழற்றிய பிறகே துணியை எடுங்கள். யூ.பி.எஸ்ஸுக்கு உலர்ந்த துணியே போதும்.

அதிகம் அடிபடுவது மானிட்டர். பழைய டப்பா மானிட்டருக்கு முன்பக்கம் கனமான கண்ணாடி. கிளீனரை அடித்துப் பேப்பரால் தேய்த்தாலும் தாங்கும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் பிளாஸ்டிக் படலம், அதன்மேல் கண் கூசாமலிருக்க ஒரு மெல்லிய பூச்சு. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அந்தப் பூச்சைக் கெடுக்கும், செய்தித்தாள் கீறிவிடும். இதைவிட மோசம், திரையில் நேராக ஸ்ப்ரே அடிப்பது. வழிகிற திரவம் கீழ் விளிம்புக்குள் இறங்கும். பல மாடல்களில் திரையை இயக்கும் மெல்லிய சர்க்யூட்கள் அங்கேதான் இருக்கின்றன. அங்கே ஈரம் பட்டால் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழும். அதைச் சரிசெய்யும் செலவுக்குப் புது மானிட்டரே வாங்கிவிடலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தத் திரவமானாலும் துணியில்தான் விட வேண்டும், கருவியின்மேல் அல்ல. திரைக்கு மைக்ரோஃபைபர் துணி, லேசான ஈரம், அழுத்தாத கை. போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து வெள்ளைத் தடம் விடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் வீட்டில் இருந்தால் அதுவே நல்லது.

பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் கடையிலும் வைக்கிறோம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டில் வையுங்கள். திரையில் வேண்டாம், பவர் பட்டனில் வேண்டாம், காற்றுத் துளைகளுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஃபேன் உள்ளிழுக்கும் காற்றோடு குங்குமமும் விபூதியும் போர்டுவரை போய்விடும். ஏற்கெனவே திரையில் சந்தனம் காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். பிழிந்த துணியை அதன்மேல் சற்று நேரம் ஒற்றி வைத்தால் ஊறி, தானாகவே துணியோடு வந்துவிடும்.

கீபோர்டை முதலில் கவிழ்த்துத் தட்டுங்கள். முறுக்குத் துணுக்கிலிருந்து முடிவரை எல்லாம் கொட்டும். அப்புறம் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல மென்மையான பிரஷ்ஷால் சந்துகளைத் தட்டிவிடலாம். விரல் அழுக்குக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். கொரோனா காலத்தில் பலர் கை சானிடைசரையே கீபோர்டில் ஊற்றித் தேய்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. கை வறளாமலிருக்கச் சேர்ப்பது அது. கீபோர்டில் ஆவியாகாமல் தங்கிப் பிசுபிசுக்கும், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் கீபோர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பூரியின் இரு அடுக்குகள் போல ஒட்டிக் கிடக்கும். இடையில் திரவம் போனால் சீக்கிரம் காயாது, தாளில் அச்சிட்ட மின்தடங்களை அரித்துவிடும்.

மவுஸில் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். கர்சர் துள்ளினால் சென்சார் துளையில் ஒரு முடி சிக்கியிருக்கலாம், உலர்ந்த காதுக்குச்சியால் எடுத்தால் தீர்ந்தது. யூ.எஸ்.பி போர்ட்டுக்குள் ஊசி, ஹேர்பின் விடாதீர்கள்.

கேபினெட்டுக்குப் பிரஷ்தான் முதலில், ஈரத்துணி பிறகு. புளோயர் வைத்திருப்பவர்கள் வெளியிலிருந்து துளைக்குள் அடித்தால் தூசி வெளியே வராது, உள்ளேதான் போகும். ஃபேனையும் அது கண்டபடி சுழற்றிப் பேரிங்கைத் தேய்க்கும். உள்ளே சுத்தம் செய்வது தனி வேலை, அதை வெளி வேலையோடு சேர்க்காதீர்கள்.

ஒரு பழைய வெள்ளை கேபினெட்டைத் தின்னர் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார் ஒருவர். மஞ்சள் போகவில்லை, மேல்புறம்தான் இளகி விரல் ரேகை பதிந்திருந்தது. பழைய பிளாஸ்டிக் மஞ்சளாவது பெரும்பாலும் வெளிச்சமும் காற்றும் பட்டு அந்தப் பிளாஸ்டிக்கே மாறுவதால். மேலே படிந்த அழுக்கு அல்ல. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அதற்கு மருந்தில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிக்குப் போகாத மஞ்சள் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், கம்ப்யூட்டர் அதனால் மெதுவாகிவிடாது.