இனாத்தி: ஊருக்கு ஒரு வலை, தலைக்கு ஒரு கூறு

இனாத்தி என்பது டோக்கெலாவ் மொழிச் சொல். ஊரார் பிடித்த மீனை ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தலைக்கணக்கில் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு இந்தப் பெயர். பிரித்ததில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும் பங்குக்கும், சேர்ந்து பங்கு வாங்கும் குழுவுக்கும் அதே பெயர்தான். தமிழில் இதைப் 'பகிர்வு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். அது பொருந்தாது.

டோக்கெலாவ் பசிபிக் கடலில், சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அத்தாஃபு, நுக்குநோனு, ஃபக்காஓஃபோ என மூன்று பவளத்திட்டுகள். நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டவை. மூன்றின் நிலத்தையும் சேர்த்தாலும் 12 சதுர கிலோமீட்டர் அளவுதான். மக்கள் சுமார் 1,500 பேர். விமான நிலையம் கிடையாது. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் கப்பல் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். (பவளத்திட்டைக் குறிக்க உலகம் முழுவதும் வழங்கும் 'அடோல்' என்ற சொல் நம் பக்கத்துக் கடலிலிருந்து போனது. மாலைத்தீவின் திவேகி மொழியில் அது 'அதொளு'.)

முதலில் ஒலிப்பு. மூன்று உயிரும் குறில்தான். ஆனால் அழுத்தம் நடு அசையில் விழுவதால் காதுக்கு 'இனாத்தி' என்றே கேட்கும். 'இனாதி' என்று எழுதினால் நாம் தகரத்தை மெலித்துப் படித்துவிடுவோம், அதனால்தான் ஒற்று. இந்த மொழியில் ஆங்கில எழுத்து 'ஜி' வரும் இடமெல்லாம் நம் 'ங' ஒலி என்பதையும் நினைவில் வையுங்கள். உறவுக் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை 'காயிகா' என்று எழுதுவது பிழை, 'காயிங்கா' என்பதே சரி.

இதன் உறவுச் சொற்கள் பொலினீசியாவில் வேறு இடங்களிலும் உண்டு. சமோவாவிலும் 'இனாத்தி' என்றால் பங்கு. டோங்கா மொழியில் இகரத்துக்கு முன் வரும் தகரம் சகரமாகத் திரிந்துவிட்டது, ஆகவே அங்கே 'இனாசி'. ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. டோங்காவின் இனாசி, வள்ளிக்கிழங்கின் முதல் விளைச்சலைத் தூயி டோங்கா என்ற மன்னருக்குப் படைக்கும் பெருவிழா. 1777இல் கேப்டன் குக் அதை நேரில் கண்டு எழுதி வைத்தார். பங்கு டோங்காவில் மேலே அரசனிடம் போனது, டோக்கெலாவில் பக்கவாட்டில் வீடு வீடாகப் போகிறது. ஒரே வேர்ச்சொல்லுக்கு இரண்டு சமூகம் கொடுத்த பொருள் இது.

டோக்கெலாவில் ஏன் இப்படி ஆனது என்பதை அந்த நிலமே சொல்லும். மண் என்று இருப்பது பவள மணல். ஆறு இல்லை, குளம் இல்லை. தென்னை, ஈரப்பலா, குழி தோண்டி வளர்க்கும் புலாக்கா கிழங்கு இவற்றோடு நிலத்தின் கொடை ஏறக்குறைய முடிந்தது. மீதி கடல். கடலோ சீராகத் தருவதில்லை. சூரைமீன் கூட்டம் ஒன்று வந்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். பிறகு பல நாள் ஒன்றுமிருக்காது. அந்த வெப்பத்தில் மீன் மறுநாளைக்குத் தாங்காது. தன் வீட்டால் தின்று தீர்க்க முடியாததை ஒருவன் வைத்திருந்து பயனில்லை. இன்று அவன் கொடுத்தால், அவன் வெறுங்கையோடு திரும்பும் நாளில் இன்னொருவன் கொண்டு வருவான்.

நடைமுறை இப்படி. ஊரை நடத்துவது தௌப்புலெங்கா என்ற பெரியோர் அவை. அது சொன்னால் ஔமாங்கா, அதாவது ஊரின் ஆண்கள் படை, கடலுக்குப் போகும். பிடித்தது எதுவும் நேரே வீட்டுக்குப் போகாது, எல்லாம் கரையில் ஓரிடத்தில் இறங்கும். முதல் வேலை இனம் பிரிப்பது, பிறகு பருமன் பிரிப்பது. இந்த இரண்டில் அவசரப்பட்டால் எல்லாம் கெடும். எண்ணிக்கையில் சமமாக இருந்து எடையில் ஏமாற்றும் கூறுதான் மனக்கசப்பின் முதல் காரணம். அடுத்து மொத்தத்தை எண்ணித் தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, 400 பேர் உள்ள ஊரில் 600 சூரை இறங்கினால் தலைக்கு ஒன்றரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு மீன், சிக்கலில்லை. ஐந்து பேர் என்றால் ஏழரை; அந்த அரையை மீனை வெட்டித்தான் கொடுக்க வேண்டும், இல்லையேல் பருமனைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டும். கூறுகள் வரிசையாகத் தரையில் விரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள்.

தலைக்கணக்கு என்றால் முழுத் தலைக்கணக்கு. கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு, படுத்த படுக்கையாக இருக்கும் கிழவிக்கும் ஒரு பங்கு. கடலுக்குப் போகும் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அதே அளவு. மீனைப் பிடித்துக் கொண்டுவந்த தௌத்தாயிக்கு, அதாவது கைதேர்ந்த மீனவருக்கு, பெயர் உண்டு, மதிப்பு உண்டு. கூடுதல் மீன் கிடையாது. வீட்டுக்குள் வந்த பங்கை மறுபடி பிரிப்பது குடும்பத்தின் மூத்த பெண். ஆண்கள் மணமானதும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள், வீடு பெண்கள் வழியாக நிற்கிறது.

ஒருவர் தனியாகப் போய்ப் பிடித்த மீன் பொதுவாக அவருக்கே. ஆனால் 'இக்கா ஹா' எனப்படும் விலக்குமீன்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கடலாமையும் கொப்பரன் போன்ற பெருமீனும் யார் தூண்டிலில் பட்டாலும் ஊருக்குத்தான். ஒரே ஆமையை ஊர் முழுவதற்கும் வெட்டும்போது துண்டு சிறிதாகும். சிறிதானாலும் விடுபடும் வீடு இருக்கக் கூடாது.

இந்த முறைக்கு நெருக்கடி வந்த வழிகளும் தெளிவானவை. அரசுச் சம்பளம் வந்தது, மாதா மாதம் கையில் காசு நிற்கும் வீடும் நிற்காத வீடும் என்று ஊர் இரண்டானது. கனவா மரத்துண்டுகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த, பலர் சேர்ந்து செலுத்தும் வாக்கா படகின் இடத்தில், தனியாள் ஓட்டும் மோட்டார்ப் படகு வந்தது. அதற்கு எரிபொருள் காசு கொடுத்து வாங்க வேண்டும். உறைபெட்டி வந்ததும் 'மீன் தாங்காது' என்ற பழைய காரணமே தளர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் இனாத்தி நிற்கிறது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இனி தமிழ்ச் சொல். 'பகிர்வு' கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. இனாத்தியில் வாங்குபவருக்கு உரிமை உண்டு. 'தானம்' முழுத் தவறு. 'பொதுவுடைமை' என்பதும் பொருந்தாது, ஏனெனில் நிலம் பெரும்பாலும் காயிங்காக்களுக்கு உரியது. 'பங்கீடு' என்றதும் நமக்கு அரிசிக் கடையும் அட்டையும் நினைவுக்கு வரும்.

'பாதீடு' ஆசைகாட்டும் சொல். தொல்காப்பியத்தில் வெட்சித் துறைகளில் ஒன்று, கவர்ந்து வந்த ஆநிரையைப் பிரிப்பது. பலர் சேர்ந்து கொண்டுவந்ததைப் பிரிப்பது என்ற அளவில் ஒத்துப்போகிறது. ஆனால் புறப்பொருள் வெண்பாமாலை அதை விளக்கும்போது, அவரவர் செய்த வினை அறிந்து கொடுப்பது என்கிறது. போரிட்டவனுக்கு இவ்வளவு, ஒற்றறிந்தவனுக்கு இவ்வளவு. இனாத்தி வினையைப் பார்ப்பதே இல்லை, தலையை மட்டும் எண்ணுகிறது. போதாக்குறைக்கு இலங்கைத் தமிழில் பாதீடு என்றால் வரவுசெலவுத் திட்டம்.

என் தேர்வு 'கூறு'. முறையைச் சொல்லும்போது 'ஊர்க்கூறு'. திருவிழாவுக்குக் கிடாய் வெட்டி, ஒவ்வொரு குவியலிலும் ஈரலும் எலும்பும் சரிக்குச் சரி விழும்படி இலையில் கூறு போடுவதை அறிந்த எவருக்கும் டோக்கெலாவ் கரையில் நடப்பது உடனே புரியும். அங்கே கூறுக்குக் காசு வாங்குவதில்லை என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் சொன்னால் போதும். பங்கு, பிரிவு என்ற இரண்டு பொருளையும் 'கூறு' தாங்குவதால், மீன்குவியலையும் அதை வாங்கும் குழுவையும் ஒரே சொல்லால் குறிக்கும் டோக்கெலாவ் வழக்கும் குலையாது. 'எங்கள் கூறில் எட்டுப் பேர், எங்கள் கூறு பன்னிரண்டு மீன்' என்று இயல்பாக எழுதலாம்.