ஷின்சானின் கடைசி எபிசோடு

"மிஸ், ஷின்சான் செத்துட்டான். உங்களுக்குத் தெரியுமா?"

நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பையன் கேட்ட முதல் கேள்வி இது. ஏழு வயது. ஒரு மாதமாக ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. எப்போதோ நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது. பள்ளியில் யாராவது அடித்தார்களா, டீச்சர் திட்டினாரா என்றெல்லாம் விசாரித்து ஓய்ந்து, பாட்டி சுற்றிப்போட்டும் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கூட்டி வந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெரியப்பா மகன் போனில் காட்டிய ஒரு வீடியோதான் விஷயம். "ஷின்சான் கடைசி எபிசோடு" என்று தலைப்பு, சோகமான பியானோ, நிறம் உறிஞ்சப்பட்ட படங்கள். நடுரோட்டுக்குப் போய்விட்ட தங்கை ஹிமாவாரியைக் காரிலிருந்து காப்பாற்றப் போய் ஷின்சான் இறந்துவிடுகிறான். துக்கம் தாங்காத அம்மா, மகன் விட்டுப்போன கிரேயான்களை எடுத்து அவனைப் படம் படமாக வரைகிறாள். நாம் டிவியில் பார்ப்பதெல்லாம் அந்தப் படங்கள்தானாம். ஜப்பானில் தொடருக்கு 'கிரேயான் ஷின்சான்' என்று பெயர் வந்ததே அதனால்தானாம்.

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இந்தக் கதையை நான் கேட்டது அன்று முதல் முறையல்ல. இதற்கு ஓர் அண்ணன் கதையும் உண்டு: எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமான் என்று யாரும் கிடையாது, அது துணைநிற்கும் பையன் நோபிதா ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிறான், எல்லாம் அவன் காணும் கனவு. இரண்டும் கட்டுக்கதை. ஜப்பானில் பிறந்து, ஊர் ஊராக மொழி மாறி, தமிழ்ப் பின்னணிக் குரலோடு நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. இரவில் தனியாகப் போன் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த வீடியோவாகத் தானே ஓடவும் செய்கிறது.

அந்தப் பையனுக்குக் கணக்குப் பிடிக்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். ஒரு தாளில் இரண்டு வருஷங்களை எழுதினேன். கிரேயான் ஷின்சான் என்ற பெயரில் சித்திரக்கதை வெளிவரத் தொடங்கியது 1990. ஹிமாவாரி கதைக்குள் பிறந்தது 1996. "தங்கச்சியே பிறக்காதப்போ, தங்கச்சியைக் காப்பாத்தப் போய் செத்ததால வந்த பேரு எப்படிடா இருக்கும்?" என்றேன். விரல் விட்டு எண்ணினான். "ஆறு வருஷம் மிஸ்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். "அப்போ அந்த அண்ணா பொய் சொல்லிச்சா?"

பொய் உடைந்தது. பயம் போகவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அவன் வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை இருந்தது. தங்கை. வருகிறவர்கள் எல்லாம் அவன் தலையைத் தடவி, "இனிமே நீதான் அண்ணன், பாப்பாவை நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த வாரத்தில்தான் அவன் போனில் ஓர் அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போய்ச் செத்திருக்கிறான். இரண்டையும் அவன் சேர்த்துக் கூட்டிவிட்டான். பாப்பாவைத் தூக்கமாட்டேன் என்றது பொறாமையால் அல்ல. பாப்பாவோடு தெருவுக்கு வரமாட்டேன் என்றதும் அடம் அல்ல.

செத்தவர் திரும்பி வரமாட்டார், சாவு எல்லோருக்கும் வரும் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடுவது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள். ஷின்சானை வெறித்தனமாகப் பார்க்கும் வயதும் அதுதான். அப்போது போய் "வெறும் பொம்மைப் படம்டா, இதுக்குப் போய் அழுவியா" என்றால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். பொம்மை என்பது அவனுக்கும் தெரியும். அவன் கேட்பது தன் வீட்டைப் பற்றி. "அதைப் பார்த்தப்போ உனக்கு நம்ம வீட்டுல யாரு ஞாபகம் வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. சாப்பிடும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ வரும். தூக்கக் குழப்பமும் பயமும் சில வாரங்கள் கழித்தும் குறையாவிட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், ஆலோசகரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள்.

இன்னொன்று. இந்த வீடியோ விவகாரம் தெரிந்ததும் சில வீடுகளில் ஷின்சானையே நிறுத்திவிடுகிறார்கள். "எப்படியும் அதைப் பார்த்து வாய்தான் நீளுது" என்று ஏற்கெனவே ஒரு கோபம் இருக்கும், இது சாக்காகிவிடும். ஷின்சானின் வாயைப் பற்றி எனக்கும் புகார் உண்டு, அதை வேறொரு நாள் எழுதுகிறேன். ஆனால் செத்துப்போனான் என்று கேள்விப்பட்ட மறுநாளே அவன் டிவியிலிருந்தும் காணாமல் போனால், பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாதாரண எபிசோடைச் சேர்ந்து பாருங்கள். குடைமிளகாயை ஒதுக்கி வைத்து அம்மாவிடம் கொட்டு வாங்கும் ஷின்சான்தான் அன்றைக்கு மருந்து.

இனி, அந்தப் பையன் இரண்டாம் வாரம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "சரி மிஸ், அப்போ நெஜமான கடைசி எபிசோடு எப்படி இருக்கும்?"

நான் கதை எழுதுகிறவள் இல்லை. ஆனால் முடித்து வைப்பது என் தொழிலில் பாதி. ஒரு பிள்ளையோடு பல மாதம் பேசிப் பழகிவிட்டு, ஒரு நாள் 'இனி வரவேண்டாம்' என்று அனுப்ப வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒழுங்கு உண்டு. இன்னும் நாலு தடவைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். கடைசி அமர்வில் புதிய காயம் எதையும் திறக்கமாட்டோம். 'இத்தனை நாள் பேசியதெல்லாம் வேறொரு காரணத்துக்காக' என்று எதையும் போட்டு உடைக்கமாட்டோம். பிள்ளை தானாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒன்றை அன்றைக்குச் செய்து காட்ட இடம் கொடுப்போம். கதவைப் பூட்டாமல் சாத்துவோம்.

பல வருஷம் ஓடிய கார்ட்டூன் குடும்பத்தை முடிப்பவர்களுக்கும் இதே ஒழுங்கு போதும் என்பது என் கட்சி. அந்தக் குடும்பங்களில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. அமெரிக்காவின் 'தி சிம்ப்சன்ஸ்' 1989 டிசம்பரில் தனித் தொடராகத் தொடங்கியது. அந்த வீட்டுப் பையன் பார்ட்டுக்கு அன்றும் பத்து வயது, இன்றும் பத்து. அவனோடு சேர்ந்து பத்து வயதில் பார்க்கத் தொடங்கிய பிள்ளை இன்று அவன் அப்பா ஹோமரைவிட மூத்தவர். வெளியே வீடு மாறுகிறது, அம்மாவுக்குச் சர்க்கரை வருகிறது, தாத்தா போய்விடுகிறார். சிம்ப்சன்ஸின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் அதே சோபா, அதே ஐந்து பேர். பார்ப்பவர்கள் அங்கே போவது அந்த நகராத காலத்துக்காகத்தான். கடைசி எபிசோடில் கடிகாரத்தை ஓடவிட்டு ஆட்களைக் கொன்றால், அவர்கள் ஒதுங்கிய நிழலையே வெட்டியதாகிவிடும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் சிம்ப்சன்ஸில் எதிர்காலத்தைக் காட்டும் ஓர் எபிசோடில் அம்மா மார்ஜ் இறந்துவிட்டதாக வந்தது. வளர்ந்தவர்கள், மீசை நரைத்தவர்கள், இணையத்தில் அழுது தீர்த்தார்கள். தொடரை நடத்துபவர்களில் ஒருவரான மாட் செல்மன், எதிர்கால எபிசோடுகள் எல்லாம் வெறும் கற்பனை, ஒவ்வொரு தடவையும் வேறுமாதிரி இருக்கும் என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நான் அந்தப் பையனுக்குத் தாளில் எழுதிக்காட்டிய மாதிரிதான்.

சிம்ப்சன்ஸ்காரர்களே முடிவைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். நீண்ட காலம் தொடரை நடத்திய அல் ஜீன் சொன்ன ஒரு யோசனை: கடைசிக் காட்சி முதல் எபிசோடில் வரும் பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாவில் போய் முடியும், எல்லாம் திரும்ப ஒரு வட்டமாகச் சுற்றும். கெட்டிக்காரத்தனமான யோசனை. எனக்குத்தான் ஒட்டவில்லை. வட்டத்துக்குள் யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் கடைசி எபிசோடு போலவே வேஷம் கட்டிய ஒன்றை எடுத்தார்கள். ஒரே அரைமணியில் எல்லாக் கணக்கையும் தீர்க்கும் கடைசி எபிசோடுகளை நன்றாகக் கேலி செய்தது. முடிக்கத் தெரியாமல் திணறுவதை மறைக்கவும் கேலி உதவும் என்றும் தோன்றியது.

கேலிக்குப் பதில் கோடாலியை எடுத்தவர்களும் உண்டு. கார்ட்டூன் அல்ல, பொம்மை வேஷம் போட்டு எடுத்த அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர் 'டைனோசார்ஸ்'. 1994-ல் அதன் கதை முடிந்தபோது பனியுகம் வந்தது, மொத்தக் குடும்பமும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு அழிவுக்குக் காத்திருந்தது. சுற்றுச்சூழல் பாடம் சரிதான். ஆனால் பிள்ளைகளுக்கு அதை யார் முன்கூட்டியே சொன்னார்கள்?

எனக்குப் பிடித்த முடிவு 'கிங் ஆஃப் த ஹில்' உடையது. டெக்சாஸில் கேஸ் விற்கும் ஹாங்க் ஹில் என்ற அப்பா. சமையல் கேஸ் அவருக்குக் குலதெய்வம் மாதிரி. நகைச்சுவை செய்து பிழைக்கப் பார்க்கும் குண்டுப் பையன் பாபி. பதின்மூன்று சீசன் இருவரும் ஒருவரையொருவர் புரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 2009 செப்டம்பரில் வந்த முடிவில் பாபிக்கு இறைச்சியின் தரம் பார்த்துச் சொல்லும் திறமை இருப்பது தெரியவருகிறது. அப்பாவின் அடுப்பும் பிள்ளையின் இறைச்சியும் கடைசியில் ஒரே முற்றத்தில் சேர்கின்றன. வாசனை பிடித்துத் தெரு முழுக்க வந்து நிற்கிறது. அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. இத்தனை வருஷம் அடைத்துக்கிடந்த ஒரே ஒரு குழாய் திறந்தது. கதவைப் பூட்டாததால்தான் 2025-ல் அதே குடும்பம், பாபி வளர்ந்து சமையல்காரனாகிவிட்ட நிலையில், திரும்பி வரவும் முடிந்தது.

நோபிதாவின் நினைவிழந்த கட்டில் கதையை நம்பும் பிள்ளைகளிடம், டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ தன் கையாலேயே 1974-ல் ஒரு பிரிவுக் கதை வரைந்தார் என்று சொல்வேன். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். விஷயம் நோபிதாவுக்கு முன்பே தெரியும். அன்றிரவு எப்போதும் அவனை அடிக்கும் முரட்டுப் பையன் ஜியான் கையில் மாட்டி அடி வாங்குகிறான், ஆனால் டோரேமானைக் கூப்பிடவில்லை. விழுந்து விழுந்து எழுந்து பிடித்த பிடியை விடாமல் நிற்க, ஜியானே சலித்துப்போய் விட்டுவிடுகிறான். நான் தனியாகச் சமாளித்துக்கொள்வேன், நீ கவலைப்படாமல் போ என்பதுதான் அந்த அடிதடிக்கு அர்த்தம். காலையில் டோரேமான் இல்லை. டோரேமானின் வயிற்றுப் பையிலிருந்து அதிசயப் பொருள் எதுவும் வராத ஒரு ராத்திரியைப் பையன் கடந்துவிட்டான். மேலே சொன்ன எங்கள் ஒழுங்கு மொத்தமும் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் எனக்கு யாரும் இதைக் காட்டவில்லையே என்று நினைத்திருக்கிறேன். அடுத்த மாதமே டோரேமானைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். பிள்ளைகள் விடவில்லை போலிருக்கிறது.

ஷின்சானுக்கு இதுவரை முடிவு இல்லை. ஆனால் சாவு அந்தத் தொடரைத் தொடாமலும் இல்லை. வரைந்த யோஷிதோ உசுய் 2009 செப்டம்பரில் அராஃபுனே மலையேறப் போனபோது பள்ளத்தில் விழுந்து இறந்தார். 51 வயது. அவருடைய உதவியாளர்கள் 2010-லிருந்து சித்திரக்கதையைத் தொடர்ந்தார்கள். ஷின்சானின் அப்பாவுக்கு ஜப்பானில் குரல் கொடுத்த கெய்ஜி ஃபுஜிவாரா 2020-ல் காலமானார். அதற்கு முன்பே உடல்நிலை காரணமாக வேறொருவர் அந்தக் குரலை ஏற்றிருந்தார், அப்பாவும் சாயங்காலம் வீடு திரும்பிக்கொண்டுதான் இருக்கிறார். இதையும் அந்தப் பையனிடம் சொன்னேன். உண்மையான சாவைச் சொல்லலாமா என்று அவன் அம்மா தயங்கினார். சொல்லலாம். யார், எப்போது, அதற்குப் பின் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் பிள்ளைகள் தாங்குவார்கள். பியானோ இசையோடு பாதியில் விடுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

கடைசி அமர்வுக்கு முன்பே அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்: அடுத்த வாரம் முடிக்கிறோம், நீ உன் கடைசி எபிசோடை வரைந்துகொண்டு வா. நாலு கட்டம் போட்டு, கிரேயானில்தான் வரைந்திருந்தான். முதல் கட்டத்தில் அப்பா செருப்பைக் கழற்றுகிறார். இரண்டாவதில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். மூன்றாவதில் பாப்பா தூங்குகிறது, பக்கத்தில் ஷின்சான், நடுவில் ஒரு தலையணை. நாலாவது கட்டத்தில் வாசலில் நாய்க்கூண்டு. ஷின்சானைத் தெரிந்தவர்களுக்கு ஷிரோவையும் தெரியும். தூக்கி வந்தது முதல் சோறு போட மறந்தே அதைப் பட்டினி போடுபவன் அவன்.

"இது என்னடா?" என்று கேட்டேன்.

"ஷிரோவுக்குச் சாப்பாடு போட்டுட்டான் மிஸ். மறக்கல. அப்புறம் லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான்."

"யாரு ஆஃப் பண்ணது?"

"அவனேதான்."