டைவர்ட்: திருப்பி அனுப்புவதா, மடைமாற்றுவதா?

போன ஐப்பசி அடைமழையில் அத்தை மகள் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தாள். இரவு பதினொரு மணி வாக்கில் டிவியின் அடியில் ஒரு வரி ஓடியது: "கனமழை: சிங்கப்பூர் விமானம் திருப்பி அனுப்பப்பட்டது". அத்தை ஒன்றும் பேசவில்லை. அவளுக்காக எடுத்து வைத்திருந்த மாவை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தார். "சரி, இனி நாளைக்குத்தான் கிளம்புவா" என்று படுக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். விமானம் பெங்களூரில் இறங்கி நிற்கிறதாம், மழை விட்டதும் சென்னைக்குக் கிளம்பும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

அந்த வரியை எழுதியவர் கையில் இருந்த ஆங்கிலச் செய்தியில் 'டைவர்ட்' என்ற வினை இருந்திருக்கும். அதை அவர் 'திருப்பி அனுப்பு' என்று ஆக்கிவிட்டார். ஒரு தடவை நடந்தது என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு புயலுக்கும் இதையே படிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, இங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பல பெங்களூருக்குப் போயின. அவற்றில் வந்தவர்களின் வீட்டில் காத்திருந்தவர்களுக்கு, 'திருப்பி அனுப்பினார்கள்' என்பதற்கும் 'பெங்களூரில் இறக்கினார்கள்' என்பதற்கும் இருக்கும் தூரம் சின்னதா?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'வெர்ட்டெரெ' என்றால் திருப்புதல். அதற்கு முன்னால் 'விலகி, பிரிந்து' என்று பொருள்படும் 'டிஸ்' சேர்ந்து 'டிவெர்ட்டெரெ' ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டைவர்ட் ஆயிற்று. கன்வெர்ட், ரிவர்ஸ், வெர்டிகோ எல்லாம் அதே குடும்பம். டைவோர்ஸும் அதே வேர்தான், இருவர் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போவது. வடமொழியில் இந்த வெர்ட்டெரெயின் உடன்பிறப்பு 'வர்த்ததே'. நாம் அன்றாடம் சொல்லும் பரிவர்த்தனையும் சக்கரவர்த்தியும் அந்த வழியில் வந்தவை.

இந்தப் பிறப்பில் கவனிக்க வேண்டியது அந்த 'டிஸ்' மட்டும்தான். அது 'பின்னால்' என்று சொல்லவில்லை, 'பக்கவாட்டில்' என்று சொல்கிறது. பின்னால் திரும்புவதற்கு லத்தீனில் 'ரெ' என்ற வேறு முன்னொட்டு இருக்கிறது. ரிவர்ட், ரிவர்ஸ், ரிட்டர்ன் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். டைவர்ட் ஆவது எதுவானாலும் அது நிற்பதும் இல்லை, வந்த வழியே போவதும் இல்லை. ஓட்டம் தொடர்கிறது, தடம் மட்டும் மாறுகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'திருப்பு' என்ற வினை தனியாக நிற்கும்போது எந்தப் பக்கமும் போகும். "வண்டியை இடப்பக்கம் திருப்பு", "தோசையைத் திருப்பிப் போடு", "முகத்தைத் திருப்பிக்கொண்டான்". ஆனால் அது 'திருப்பி' என்று எச்சமாகி இன்னொரு வினைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், இன்றைய தமிழில் பெரும்பாலும் 'மறுபடி' அல்லது 'வந்த இடத்துக்கே' என்ற பொருள்தான். திருப்பிக் கொடு, திருப்பி அடி, திருப்பிச் சொல், திருப்பி அனுப்பு. கடிதம் திருப்பி அனுப்பப்பட்டது என்றால் எழுதியவர் கைக்கே வந்தது என்றுதான் படிக்கிறோம். அத்தையும் அப்படித்தான் படித்தார். அவர் தமிழில் பிழை இல்லை, எழுதியவர் தமிழில்தான் பிழை.

இரண்டும் வேறு என்பதற்கு 2001 செப்டம்பர் 11ஐ விடத் தெளிவான சான்று கிடையாது. அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும், அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த விமானங்களில் ஐரோப்பாவுக்குக் கிட்டே இருந்தவை பல அங்கேயே திரும்பின. அவை திருப்பி அனுப்பப்பட்டவை. நெடுந்தூரம் கடந்துவிட்டவை கனடாவில் இறக்கப்பட்டன. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கேண்டர் என்ற சிற்றூரில் மட்டும் 38 விமானங்கள், பயணிகளும் விமானப் பணியாளர்களுமாக ஏறக்குறைய 6,600 பேர். இவை டைவர்ட் ஆனவை. ஒரே நாளில், ஒரே கடல்மேல் இரண்டும் நடந்தன. இரண்டையும் ஒரே தொடரால் எழுதும் ஒருவர் அந்த நாளின் செய்தியை எப்படித் தமிழில் தருவார்?

விமானத் தொழிலில் இது எதிர்பாராமல் நடப்பதும் இல்லை. கிளம்பும் முன்பே பயணத் திட்டத்தில் மாற்று விமான நிலையம் எது என்று பொதுவாக எழுதியிருக்கும். அந்த இடம் வரை போகவும், அதற்குமேல் இன்னும் முப்பது நிமிடம் பறக்கவும் ஜெட் விமானத்தில் எரிபொருள் இருக்க வேண்டும். ஆகவே விமானத்துக்கு நான் சொல்வது மிக எளிது. எந்த ஊரில் இறங்கியதோ அந்த ஊரைச் சொல்லுங்கள்: "சிங்கப்பூர் விமானம் பெங்களூரில் இறக்கப்பட்டது". டிவியின் அடியில் தாராளமாக இடம் இருக்கும். கலைச்சொல்லே வேண்டாம்.

'திருப்பி அனுப்பு' பிழை என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட உடனே கையில் எடுப்பது 'திசைதிருப்பு'. என் உண்மையான சண்டை இதனோடுதான். விமானம் திசைதிருப்பப்பட்டது, ஆறு திசைதிருப்பப்பட்டது, நிதி திசைதிருப்பப்பட்டது, அழைப்பு திசைதிருப்பப்பட்டது. எங்கே டைவர்ட் வந்தாலும் இந்த முத்திரைதான் விழுகிறது.

தனித்தமிழ் அன்பர் ஒருவர், 'திசை' வடசொல், அதனால்தான் எதிர்க்கிறாய் என்று என்னைத் தன் பக்கம் சேர்க்கப் பார்த்தார். நான் சேரவில்லை. சங்கப் பாடல்களிலேயே புழங்கிய சொல்லை இன்று வெளியேற்றுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. என் எதிர்ப்பு வேறு. திசைதிருப்பு என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது. "மக்களின் கவனத்தைத் திசைதிருப்பவே இந்த அறிவிப்பு" என்று எந்தக் கட்சிக்காரரும் எதிர்க்கட்சியைப் பார்த்துச் சொல்வார், தன் கட்சியைப் பற்றிச் சொல்லமாட்டார். "வழக்கைத் திசைதிருப்ப முயற்சி" என்றால் யாரோ சதி செய்கிறார்கள். பல ஆண்டு மேடைப் பேச்சு அந்தச் சொல்லுக்கு இந்த நிறத்தைக் கொடுத்துவிட்டது. அந்த நிறத்தோடு அதை எடுத்துப்போய் ஓர் அணையின் மேலோ விமானத்தின் மேலோ பூசினால், ஒரு தவறும் செய்யாதவர்கள் தவறு செய்தவர்களாகத் தெரிகிறார்கள்.

முல்லைப்பெரியாற்றைப் பாருங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்று நீரை, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குக் கொண்டுவந்தார்கள். பென்னிகுயிக் காலத்து வேலை, 1895இல் முடிந்தது. ஆங்கிலப் பொறியாளர்கள் இதை டைவர்ஷன் என்று எழுதுவார்கள், ஒரு குறையும் சொல்லாத சொல்லாக. தமிழில் "பெரியாறு திசைதிருப்பப்பட்டது" என்றால் யாரையோ ஏமாற்றிய தொனி வந்துவிடுகிறது. இரு மாநிலங்களுக்கு இடையே ஏற்கனவே மனக்கசப்பு உள்ள விஷயத்தில், சொல்லே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாமா?

இத்தனைக்கும் நீரை வழி மாற்றுவதில் தமிழ் யாரிடமும் சொல் கடன் வாங்கத் தேவையில்லை. ஆங்கிலப் பாசனப் புத்தகங்களில் வரும் 'அனிகட்' என்ற சொல்லே நம் அணைக்கட்டுதான். தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மட்டத்தை உயர்த்தி வாய்க்காலுக்குள் செலுத்தும் கட்டுமானத்துக்கு அவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கல்லணையின் வேலை அதுதான். 1836இல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் வேலையும் அதுதான்.

அப்புறம், மடை, அதாவது வாய்க்காலிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் போகும் வாய். வயலில் தண்ணீர் பாய்ச்சுபவர் ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைப்பார், அடுத்ததன் வாயைத் திறப்பார். வாய்க்காலில் ஓட்டம் ஒரு நொடியும் நிற்பதில்லை, போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது. இதற்குப் பெயர் மடை மாற்றுதல். லத்தீன்காரர்கள் 'டிஸ்' போட்டுச் சொன்னதை மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார். ஆற்றுக்கும் பணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்க்கவில்லை. நிதியைப் பற்றிய எழுத்தில் 'மடைமாற்றம்' ஏற்கனவே பரவலாகப் புழங்குகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியாது என்று ஒரு வாதம் வரும். 'மடை திறந்த வெள்ளம்போல்' என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் 'கடைமடை' என்ற சொல்லைச் செய்தியில் பார்க்கிறார்கள். தெரியாதவர்களும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

பணத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்கள் யார் என்று வரையறுக்கும்போது இரண்டு செயல்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. ஒன்று டைவர்ஷன்: எந்த நோக்கத்துக்குக் கடன் தரப்பட்டதோ அதை விட்டு வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது. குறுகிய காலத்துக்கென்று வாங்கிய நடைமுறை மூலதனத்தை, அதாவது தொழிலின் அன்றாடச் செலவுக்கான பணத்தை, நீண்டகாலச் சொத்தில் போட்டால்கூட இதில் வரும். மற்றொன்று சைஃபனிங்: கடன் வாங்கிய நிறுவனத்தின் தொழிலோடு சம்பந்தமே இல்லாத காரியத்துக்குப் பணத்தை வெளியே இழுத்து, அந்த நிறுவனத்தையே நலியச் செய்வது. நான் படிக்கும் தமிழ்ச் செய்திகளில் இரண்டுக்கும் 'கையாடல்' என்றோ 'முறைகேடு' என்றோ போட்டுவிடுகிறார்கள். முதலாவதை மடைமாற்றம் என்றும் இரண்டாவதை உறிஞ்சியெடுத்தல் என்றும் எழுதினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கையாடல் என்பது திருட்டுக்குரிய சொல். கடன் விதியை மீறியவர் மேல் அதை ஏற்றுவது அநியாயம்.

சரி, கவனத்துக்கு? அங்கே திசைதிருப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அது பிறந்து வளர்ந்த இடம் அது. ஆனால் அங்கும் அதைவிடக் கூர்மையான சொற்களை நாம் வீட்டில் வைத்திருக்கிறோம். பேச்சு விலகினால் "பேச்சை மாத்தாதே" என்கிறோம். ஒரு பக்கம் ஆளைக் காட்டி மறுபக்கம் தாக்கும் போர் உத்தியை ஆங்கிலத்தில் டைவர்ஷன் என்பார்கள். நமக்கு அது 'போக்குக் காட்டுதல்'. அழும் குழந்தைக்குக் காக்கையைக் காட்டி ஒரு வாய் சோறு ஊட்டுவது 'பராக்குக் காட்டுதல்'. ஆங்கிலத்தில் டைவர்ஷனுக்குக் கேளிக்கை என்றொரு பொருள் உண்டு. மனத்தைக் கவலையிலிருந்து பக்கத்தில் திருப்புவதால் வந்தது. மொசார்ட் எழுதிய டிவெர்ட்டிமென்டோக்கள் அந்த வகை இலகுவான இசை. அதற்கு நாம் பொழுதுபோக்கு என்கிறோம். "கொஞ்சம் மனசு மாற எங்கேயாவது போய்விட்டு வா" என்று அம்மா சொல்வது மூலத்துக்கு இன்னும் கிட்டே நிற்கிறது.

அண்மையில் ஒரு கைப்பேசி மெனுவில் 'அழைப்பு திசைதிருப்பல்' என்று பார்த்தேன். யார் கவனத்தை யார் கலைக்கிறார்கள்? 'வேறு எண்ணுக்கு மாற்று' என்றால் என் அத்தைக்கும் புரியும். அந்தச் சொல்லைப் போட்டவர் ஒரு பட்டியலைத் திறந்து, இடப்பக்கம் டைவர்ட் என்று இருந்ததற்கு வலப்பக்கம் இருந்ததை எடுத்து ஒட்டியிருப்பார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று அடித்து வைத்த பட்டியல்கள் செய்யும் கேடு இது. எதைத் திருப்புகிறார்கள், எங்கே போய்ச் சேர்கிறது, திருப்பியவர் நோக்கம் என்ன என்று மூன்று கேள்வி கேட்டால் சரியான வினை தானே வந்து நிற்கும். பட்டியல் அந்தக் கேள்விகளைக் கேட்கவிடுவதில்லை.

எங்கள் தெருமுனையில் மூன்று மாதமாகப் பாலம் கட்டுகிறார்கள். அங்கே மஞ்சள் தகரத்தில் பெயின்டால் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்: 'மாற்றுப்பாதை', பக்கத்தில் ஓர் அம்புக்குறி. யாரும் வந்த வழியே திரும்பிப் போகவில்லை.