நினைவு நாணயத்துக்கு எதற்கு இழவு வீட்டுச் சொல்?

கிருஷ்ணகிரியில் நண்பர் ஒருவரின் மகன் நாணயம் சேர்க்கிறான். போன வாரம் அவன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க அரை டாலர் ஒன்றின் கீழே, செல்போனில் மொழிபெயர்த்து எழுதிய ஒரு சீட்டு: ‘உள்ளூர் தீர்வின் 300வது ஆண்டு நிறைவைக் குறிக்கும் நினைவேந்தல் நாணயம், 1936இல் அங்கீகரிக்கப்பட்டது.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் தங்கை, எட்டாம் வகுப்புப் பிள்ளை, சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, யாரு செத்ததுக்கு இந்தக் காசு அடிச்சாங்க?”

அந்தப் பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை. தப்பு சீட்டில் இருக்கிறது. போட்டித் தேர்வுக்கான நடப்பு நிகழ்வுக் கையேடுகளிலும் இந்த ‘நினைவேந்தல் நாணயம்’ என்னும் தொடரைப் பல தடவை பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘நினை’ என்ற வினையிலிருந்து வந்தது நினைவு. நாணயம், ‘நாணகம்’ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. நேர்மை என்ற பொருளும் அதற்கு உண்டு; ‘நாணயமான ஆள்’ என்கிறோம். காசு நம் சொல். குறுந்தொகையில் கிளி கவ்விய வேப்பம்பழத்தைப் ‘பொலங்கல ஒரு காசு’ என்று பொன் அணியில் கோக்கும் காசோடு ஒப்பிடுகிறார் அள்ளூர் நன்முல்லை. ஒரு நிகழ்வையோ ஆளையோ நினைவுகூர அரசு தனியாக அடிக்கும் நாணயம் நினைவு நாணயம். சுதந்திர இந்தியாவில் இது 1964இல் நேருவின் உருவத்தோடு தொடங்கியது. சொல்லின் கதை இவ்வளவுதான்.

இனி நினைவேந்தலுக்கு வருவோம். அது நல்ல சொல். ஏந்துதல் என்றால் கையில் வைத்துத் தாங்குதல். போனவரின் நினைவை நாம் தாங்கிக்கொள்கிறோம் என்று அது சொல்கிறது. அஞ்சலி, இரங்கல் என்ற சொற்களுக்கு நடுவே இப்படி ஒன்று கிடைத்தது தமிழுக்கு வரவுதான். ஆனால் அது எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி நடந்தால் மாலை போட்ட படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, ‘முதலாம் ஆண்டு நினைவேந்தல்’ என்று ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். ஈழத்தமிழர்கள் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் என்கிறார்கள். படிக்கிறவருக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் மெழுகுவர்த்தியும் கண்ணீரும்தான் தெரியும். அதைக் கொண்டுபோய் நாணயத்தின் தலையில் வைத்தால் நெற்றிக்காசு ஞாபகம் வராமல் என்ன செய்யும்? பாடை எடுக்கும் முன் பிணத்தின் நெற்றியில் ஒட்டும் காசைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். ‘நினைவுகூர்வது இறந்தவரைத்தானே? நேருவும் இறந்த பிறகுதானே அவருக்கு நாணயம் வந்தது? நினைவு நாள், நினைவிடம் எல்லாம் சாவைத்தானே சொல்கின்றன?’ சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2009இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு 5 ரூபாய் நாணயம் வந்தது. வந்தது அவர் பிறந்த நூற்றாண்டுக்கு. மறைந்த நாளுக்கு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 1000 ரூபாய் வெள்ளி நாணயம். கோயில் நின்றுகொண்டிருக்கிறதே, யாருக்கு நினைவேந்தல்? 2010இல் ரிசர்வ் வங்கியின் 75ஆம் ஆண்டுக்கு 75 ரூபாய் நாணயம். வங்கி இன்றும் ரெப்போ வட்டி விகிதம் அறிவிக்கிறது. ‘நினைவு’ இரு பக்கமும் போகும் சொல்: நினைவிடமும் உண்டு, கல்யாணத்தில் தரும் நினைவுப் பரிசும் உண்டு. நினைவேந்தல் ஒரு பக்கம் மட்டுமே போகும். ‘நினைவேந்தல் பரிசு’ என்று எழுதிக் கல்யாண மேடையில் ஒரு குத்துவிளக்கை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

இந்த வேறுபாட்டை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் மாவட்டம் நடுகல் மாவட்டம். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பாருங்கள். தொறு, அதாவது ஊரின் மாட்டு மந்தை, மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல், கையில் வில், இடுப்பில் குறுவாள். அதியமான் மறைந்தபின் ஔவை பாடுகிறார்: நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை உகுத்தால் அவன் கொள்வானோ? அதுதான் நினைவேந்தல். அந்தக் கனமான சொல்லை ஓர் ஆண்டுவிழாவுக்கு அடித்த வெள்ளித் துண்டுக்குச் சூட்டுவது இரண்டையும் கெடுக்கிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘நினைவுக்காசு’ என்கிறார். எனக்கும் காசு மேல்தான் ஆசை. ஆனால் இன்றைக்குக் காசு என்றால் பணம். ‘நினைவுக்காசு கொடுத்தார்கள்’ என்றால் ஏதோ மொய் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். தெளிவு கெடும் இடத்தில் தூய்மையை நான் விட்டுக்கொடுப்பேன். நினைவு நாணயமே இருக்கட்டும்.

சீட்டின் மற்ற இரண்டு தப்புகள் இன்னும் மோசம். ‘உள்ளூர் தீர்வு’! ஆங்கிலத்தில் செட்டில்மென்ட் என்ற ஒரே சொல் வழக்குத் தீர்வையும் குறிக்கும், குடியேற்றத்தையும் குறிக்கும். நம்மூரில் பத்திர ஆபீசில் செட்டில்மென்ட் என்றால் அப்பா மகளுக்கு எழுதிக்கொடுக்கும் நிலம். செல்போனுக்கு இதெல்லாம் தெரியாது. வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த நாணயம் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஐரோப்பியர் முதலில் குடியேறியதன் 300ஆம் ஆண்டுக்கானது. ‘குடியிருப்பு’ என்றாலும் சரிவராது, அது வீட்டுவசதி வாரியத்தை நினைவூட்டும். ‘ஊர் தோன்றிய’ என்றால் பொய்யாகிவிடும். நாணயத்தின் முகப்பிலேயே இரண்டு தலைகள் இருக்கின்றன: ஒருவர் டச்சுக் குடியேறி, இன்னொருவர் அங்கே முன்பே வாழ்ந்த அல்கோன்குயின் இனத்தவர். பையனிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கம் பார்க்கும் இரு முகங்கள். குடியேற்றம் என்ற சொல் மட்டுமே இந்த நாணயத்துக்குப் பொருந்தும்.

அப்புறம் ‘அங்கீகரிக்கப்பட்டது’. அங்கீகாரம் என்பது ஏற்கெனவே இருப்பதை ஏற்பது. பள்ளிக்கு அங்கீகாரம், கட்சிக்கு அங்கீகாரம். இங்கே நடந்தது வேறு. அமெரிக்காவில் நினைவு நாணயம் அடிக்க ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும். லாங் ஐலண்டுக்கு 1936ஆம் ஆண்டுச் சட்டம் 1,00,000 அரை டாலர் வரை அடிக்க இசைந்தது. ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் 400ஆம் ஆண்டுக்குச் சட்டம் 2004இல், நாணயம் 2007இல். இடையில் மூன்று ஆண்டு. ‘2004இல் நாணயம் அங்கீகரிக்கப்பட்டது’ என்று எழுதினால், அன்றைக்கே நாணயம் கையில் இருந்ததுபோல் ஆகிவிடும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி மத்திய அரசே முடிவெடுத்து அரசிதழில் அறிவிக்கும். இரண்டுக்கும் ‘அடிக்க இசைவளித்தல்’ போதும். ‘அச்சிட’ என்று எழுதுவோரிடம் எனக்குச் சண்டை இல்லை. அச்சு என்பதே பழைய கல்வெட்டுகளில் ஒரு காசின் பெயர். ஆனாலும் நோட்டு அச்சிடுகிறோம், நாணயம் அடிக்கிறோம் என்று பிரித்துச் சொன்னால் கேட்பவருக்கு வேலை மிச்சம்.

சென்னையில் ஆங்கிலேயர் நாணயம் அடித்த இடத்தின் தெருவுக்குத் தங்கசாலைத் தெரு என்று பெயர் வைத்தவர் எந்த அகராதியைப் புரட்டினாரோ தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். இன்றைய கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, எது நீளமோ அதுதான் உயர்ந்த தமிழ் என்று நம்பிவிடுகிறார்கள். அதைப் படித்து மனப்பாடம் செய்த பிள்ளைகள் நாளைக்கு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து அதே தமிழில் அறிவிக்கை எழுதுவார்கள். எனக்குப் பயம் அதுதான். தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. அதன் நூற்றாண்டுக்கு ஒரு நாணயம் வந்தால், அதை நினைவேந்தல் நாணயம் என்று எங்கள் பிள்ளைகள் எழுதக் கூடாது.

அன்று சாயங்காலமே பையன் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினான்: ‘லாங் ஐலண்ட் குடியேற்ற 300ஆம் ஆண்டு நினைவு நாணயம், அரை டாலர், 1936.’ அடிக்க இசைவளித்த சட்டத்துக்கு முன்பக்கம் இடம் போதவில்லை. பின்பக்கம் எழுதிக்கொண்டான்.