குளிர்காலத்துக்கு முன் பெற்றோலை இறக்கிவிடுங்கள்

ஏப்ரல் கடைசியில் கனடாவின் ஸ்காபரோவில் புல் தலைகாட்டியதும் என் பட்டறை வாசலில் புல்வெட்டும் மெஷின்கள் வரிசைகட்டி நிற்கும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, போன ஒக்ரோபரில் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. குளிருக்கு இஞ்சின் இறுகிப்போச்சு போல."

இறுகிப்போன இஞ்சினை நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன். பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் காரணம் தெரிந்துவிடும். தேன் நிறத்தில் பிசின் படிந்திருக்கும், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். மாதக்கணக்கில் கிடக்கும் பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் காற்றோடு சேர்ந்து அப்படித் தடித்துப்போகிறது. அதற்குள் பெற்றோல் பாயும் ஜெட்டின் துளையோ ஒரு மில்லிமீற்றரை விடச் சிறியது. அதை அடைக்க எவ்வளவு பிசின் வேண்டும்? போதாததற்கு, ஒன்ராறியோவில் நாம் அடிக்கும் சாதாரண பெற்றோலில் சுமார் 10 வீதம் எதனோல் என்ற மதுசாரம். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எதனோலுமாகப் பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும்.

ஆகவே கடைசிப் புல்லை வெட்டிய பிறகு, இஞ்சின் ஆறியதும், தாங்கியில் உள்ளதைக் கைப்பம்பால் உறிஞ்சிப் பெற்றோல் கலனில் விடுங்கள். பிறகு வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பலர் இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் எஞ்சியிருக்கும், வசந்தத்தில் தொல்லை தருவது அந்தக் கொஞ்சம்தான். மெஷின் மறுபடி ஆறியதும் கிண்ணத்தின் கீழ் ஆணியைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள்.

இறக்க விருப்பமில்லாதவர்கள் புதிய பெற்றோலில், அது பழுதாவதைத் தாமதப்படுத்தும் ஸ்ரெபிலைசர் கலந்து, பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட வேண்டும். அப்போதுதான் அது காபரேற்றர்வரை போய்ச்சேரும். ஏற்கெனவே பழுதான பெற்றோலை எந்த ஸ்ரெபிலைசரும் திருத்தாது.

ஒயிலை வசந்தத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடிக் கறுத்த ஒயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும், அது குளிர்காலம் முழுக்க உள்ளே கிடக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு மேசைக்கரண்டி புது ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுங்கள். பிளக்கைப் பூட்டியபின், அதன் வயரைக் கொழுவாமல், கயிறு இறுகிக் கை கனக்கும் இடம்வரை இழுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று புகாது. வயர் கழன்றிருக்கும்போதே அடித்தட்டில் ஒட்டிய புல்லையும் சுரண்டிவிடலாம். சரிக்கும்போது ஏர் பில்டர் மேல்பக்கம் இருக்கட்டும்.

பற்றரி மெஷின் என்றால் வேலை குறைவு. லிதியம் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தால் போதும். உறைநிலைக்குக் கீழ் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிரில் கெட்டுவிடும் என்று பெற்றோல் மெஷினைப் பேஸ்மென்றில் இறக்கி, வோட்டர் ஹீற்றருக்குப் பக்கத்தில் நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதே தளத்தில் பிள்ளைகள் படுக்கிறார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோய் ஹீற்றரின் சுடரைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். தாங்கியை வடித்தபின்கூட அந்த ஆவி மிஞ்சியிருக்கும். தோட்டத்துக் கொட்டகையிலேயே விடுங்கள். பெற்றோல் இறக்கிய இஞ்சினை மைனஸ் 25 பாகை ஒன்றும் செய்யாது.